மடற்பனை

இணையத்திலே இயங்கிவரும் சிறியதொரு தமிழிலக்கியக் குழுவின் மட்டுறுத்துநர் மூவருள் நானும் ஒருவன். ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு இப்படியும் ஓர் உத்தியோகமா என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. சம்பளமில்லாத உத்தியோகம், விடுமுறையும் இல்லாதது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அட்டனிலும் உள்ள ஆசிரியர்களும் மாணவர்களும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறிய அன்பர் சிலரும் அங்கே கூடி நூல்களைப்பற்றி உரையாடுகின்றனர். புதிதாகச் சேர்ந்தவர் எழுதுவது எதுவும் முதலில் எங்கள் மூவருள் ஒருவரின் கண்ணிற் பட்ட பின்னரே மற்றையோர்க்குத் தெரியும். ஏற்கலாம், திருத்தித் தரும்படி கேட்கலாம், நீக்கிவிடலாம். இம்மூன்று அதிகாரமும் எங்களுடையவை.

மட்டுறுத்தல் என்னுஞ் சொல் இப்பக்கத்து வாசகருட் சிலருக்குப் புதிதாயிருக்கலாம். மட்டு என்பது அளவு, எல்லை. உரையாடல் ஒன்றை அளவுக்குள் நிறுத்துவது மட்டுறுத்தல். தமிழ் இணையத்தார் ஆக்கிக்கொண்ட நல்ல சொற்களுள் இதுவும் ஒன்று. தணிக்கை என்ற சொல்லிலே கத்தரிக்கோலின் ஓசை கேட்கின்றது. இதிலே அது இல்லை. ஆனால், சொல் மென்மையானது என்பதனாற் செயலும் மென்மையாக நடந்துவிடுவதில்லை. என் செயல் ஒன்றையே கூறுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. நீக்கவேண்டியவை அன்று பல வந்து குவிந்திருந்தன. கடன் தருவதாகக் கூறும் விளம்பரங்கள், சோதிடர் விளம்பரங்கள், ஒரே செய்தியைப் பத்து முறை ஒட்டிய ஒருவரின் கைவரிசை. அவற்றின் நடுவே புதியவர் ஒருவரின் வினா. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர். நன்னூற் சூத்திரம் ஒன்றுக்குப் பொருள் கேட்டிருந்தார். தமிழை ஆங்கில எழுத்திலே எழுதியிருந்தார். வணக்கமில்லை, பெயரில்லை, நிறுத்தக்குறியும் இல்லை. 'நாளைக்குச் சோதினை, கெதியாச் சொல்லுங்கோ' என்று முடித்திருந்தார். என் கை அவ்வினாவையும் மற்றைக் குப்பையோடு சேர்த்து அள்ளி எறிந்துவிட்டது. 'குழுவின் விதிகளை வாசித்தபின் எழுதுக' என்று முன்னரே ஆயத்தமாக வைத்திருந்த ஒற்றை வரி அவருக்குப் போயிற்று. எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்.

மறுநாட் காலையில், என்னுடன் மட்டுறுத்தும் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். ஒருகாலத்தில் என்னிடம் படித்தவர். இப்பொழுது என்னிலும் நன்றாகப் படிப்பிப்பவர்.

"சேர், நேற்று அந்தப் பொடியன்ரை கேள்வியை ஏன் எடுத்தனீங்கள்?"

"இங்கிலிஷ் எழுத்திலை தமிழ் எழுதக்கூடாது எண்டு விதி இருக்கெல்லே, பிள்ளை."

"அந்த விதி எங்கை இருக்கு, சேர்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார். "போன கிழமை கனடாவிலை இருக்கிற எங்கடை பழைய ஆள் ஒருத்தர் அதே மாதிரித்தான் எழுதினவர். நீங்கள் அதுக்கு வடிவா மறுமொழியும் போட்டிருக்கிறியள்."

போய்த் தேடினேன். விதி இருக்கத்தான் செய்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இட்ட அறிவித்தல் ஒன்றின் நான்காம் பந்தியிலே, பழைய பக்கங்களைத் தோண்டினாலன்றிக் கிட்டாத ஓரிடத்தில் அது கிடந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதனைக் கண்டிருக்கவே முடியாது. பழைய அன்பரின் எழுத்தும் இருந்தது. அதன் கீழே இரண்டு பந்தி நீளத்துக்கு என் மறுமொழி, மிக்க பரிவோடு. குற்றம் ஒன்றுதான், ஒருவருக்குப் பரிவு, மற்றவருக்குக் கதவடைப்பு. எழுத்திலே வேறுபாடில்லை. ஒருவரை எனக்குத் தெரியும், மற்றவரைத் தெரியாது. அவ்வளவே வேறுபாடு.

நீக்கிய வினாவை மீட்டேன், விடை எழுதினேன், மன்னிப்புக் கேட்டுத் தனிமடல் ஒன்றும் அனுப்பினேன். பரீட்சை அதற்குள் முடிந்திருக்கும். மறுமொழி வரவில்லை. அம்மாணவரின் பெயர் இன்றும் எங்கள் அங்கத்தவர் பட்டியலில் இருக்கின்றது. அதன் பக்கத்திலே, எழுதியவை: 1 என்றோர் இலக்கம்.

முப்பது ஆண்டுகள் வகுப்பறையிலே நின்றவன் நான். ஆண்டுத் தொடக்கத்திலே ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே பிழைகளையே விடுவர். லகர ளகரத்தை மாற்றுவர். கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பர். 'இதைத்தானே போன வருடமும் சொன்னேன்' என்று நான் அவர்களைச் சினந்திருந்தால் பிள்ளைகள் விழித்திருப்பர். போன வருடம் கேட்டவர்கள் இவர்கள் அல்லரே. இந்த எளிய உண்மை வகுப்பறையிலே எனக்கு மறந்ததில்லை. கணினியின் முன்னே மறந்துபோயிற்று. வகுப்பறையில் முகம் தெரியும். இங்கே தெரிவது வரிசை மட்டுமே. நூறாவது முறையாக அதே பிழையைக் காணும் எனக்கு அது நூறாவது. அதனைச் செய்தவருக்கோ முதலாவது. என்னுடைய தொண்ணூற்றொன்பது சலிப்பையும் சேர்த்து அவர் ஒருவரே சுமக்கவேண்டியதாயிற்று.

இது என் ஒருவனின் குறையன்று என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இணையக் கூட்டங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, இதே தடத்தில் நடந்து இதே குழியில் விழுந்தவர் பலர் எனத் தெரிந்தது.

யூஸ்நெற் என்பது இன்றைய இணைய உரையாடற் களங்களுக்கெல்லாம் மூத்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து மாணவர் இருவர், ரொம் ட்ரஸ்கொட், ஜிம் எலிஸ் என்போர், 1979இல் அதனை எண்ணித் தொடங்கினர். 1980இல் அது வழக்குக்கு வந்தது. பல்கலைக்கழகங்களின் கணினிகள் வழியே அதிற் புகுந்தவரே பெரும்பாலோர். ஆகையால் ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பரில், கல்வியாண்டு தொடங்குகையில், புதிய மாணவர் கூட்டம் ஒன்று அங்கே வந்து இறங்கும். முறை தெரியாது எழுதுவர், பெரியோர் சினப்பர், சில வாரங்களிற் புதியவர் பழகிவிடுவர், அல்லது போய்விடுவர். ஒக்டோபரிலே அமைதி திரும்பும். கோவில் வளவுக்குள் திருவிழாக் கூட்டம் வந்து போவது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

1993, 1994ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா ஒன்லைன் போன்ற வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்கு யூஸ்நெற்றின் கதவைத் திறந்துவிட்டன. கூட்டம் செப்டெம்பரோடு நிற்கவில்லை, நாள்தோறும் வந்தது. பழையவர்கள் 1993 செப்டெம்பரை 'முடியாத செப்டெம்பர்' என்று பெயரிட்டு வைதனர். அப்பெயர் இன்றும் வழங்குகின்றது. அதிலுள்ள நகைச்சுவையை நான் மறுக்கவில்லை. ஆனால், அப்பெயரைச் சூட்டியவர்களும் ஒருகாலத்தில் ஏதோவொரு செப்டெம்பரில் வந்தவர்கள்தாமே! நோயாளர் கூடிவிட்டனர் என்று வைத்தியசாலை நொந்துகொள்வது போன்றதொரு வேடிக்கை இதிலே உண்டு.

வைதவர் மாத்திரமன்றி வழிகாட்டியவரும் அங்கே இருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். அடிக்கடி கேட்கப்படும் வினாக்களுக்கு விடை தொகுத்து, குறித்த காலத்துக்கு ஒருமுறை மறுபடி மறுபடி இடும் வழக்கத்தை வளர்த்தவர் அவர்களே. புதியவர்க்கென்றே தனிப்பகுதி ஒன்று இருந்தது. 1995 ஒக்டோபரில், இணையத்து ஒழுகலாறுகளைத் தொகுத்த ஏடு ஒன்றும் வெளிவந்தது. ஒரு குழுவிலே எழுதுமுன் ஓரிரு மாதம் வாசித்துப் பழகுக என்பது அதன் அறிவுரைகளுள் ஒன்று. நல்ல அறிவுரைதான். ஆனால் நாளைக்குப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு இரண்டு மாதம் எங்கே?

அடுத்த பாடம் விக்கிப்பீடியாவினுடையது. 2001 ஜனவரியிலே தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்தில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். புதியவரைக் கடித்துக் குதறாதீர் என்ற பொருளில் அங்கே ஒரு நெறியே எழுதி வைத்திருக்கின்றனர். பிறர் நல்லெண்ணத்தோடு செய்தார் என்றே முதலிற் கொள்க என்பது மற்றொரு நெறி. இவ்வளவு அழகாக எழுதி வைத்த ஓரிடத்திலே புதியவர் தழைத்திருக்கவேண்டுமல்லவா? ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைந்து எழுதுவோரின் தொகை 2007இல் உச்சியைத் தொட்டுப் பின் இறங்கலாயிற்று. காரணத்தை ஆராய்ந்த ஆரன் ஹாஃபேக்கர் முதலிய நால்வர் தம் கட்டுரையை 2013இல் வெளியிட்டனர். வரும் புதியவரின் தரம் கெட்டுவிட்டது என்பதே பலர் எண்ணம். ஆய்வு கண்டதோ வேறு. நல்லெண்ணத்தோடு வருபவர் முன்போலவே வந்துகொண்டிருந்தனர்; அவர்கள் எழுதியது தள்ளப்படுவதுதான் மிகுந்துவிட்டது. முதல் முயற்சியே தள்ளப்பட்டவர் திரும்ப வருவது அருகியது.

தள்ளியவர் கொடியவரா என்றால், அல்லர். புகழ் பெருகியபோது நாசகாரரும் பெருகினர். நொடியிலே கட்டுரையை அழிப்பவனை நொடியிலே தடுக்கக் கருவிகள் வேண்டியிருந்தன. விரைவாகக் காட்டும் கருவி, விரைவாக நீக்கும் பொத்தான், ஆயத்தமாக எழுதிவைத்த எச்சரிக்கை. கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நாசகாரனுக்கென வார்த்த எச்சரிக்கை, மேற்கோள் காட்டத் தெரியாத அப்பாவிக்கும் போய்ச் சேர்ந்தது. விதிகளும் நாளடைவில் இறுகின. பழையவர் இயற்றிய விதியைப் புதியவர் மாற்றுவது அரிதாயிற்று. இதனைப் படித்தபோது என் 'ஆயத்த வரி' நினைவுக்கு வந்து என்னைக் கூசச் செய்தது. கடன் விளம்பரக்காரனுக்காக ஆக்கிய வரி அது.

ஆங்கில விக்கிப்பீடியா 2012இல் தேநீர்ச்சாலை எனப் பொருள்படும் பெயரோடு ஓரிடத்தை அமைத்தது. புதியவர் அங்கே எந்த நடையிலும் வினாவலாம். மனிதர் ஒருவர் தம் பெயரோடு விடையிறுப்பார். நம் தமிழ் விக்கிப்பீடியா 2003இலே தோன்றியது. அதனை ஆரம்பத்திலிருந்தே வளர்த்தவருள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன்; 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்கு வழங்கப்பெற்றது. அங்கே பொதுவாகக் கூடிப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். புதியவர் பிழை விட்டுப் பழகும் பக்கத்துக்கு மணல்தொட்டி என்று பெயர். இப்பெயர்களைக் கண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. மணலிலே விரல்பிடித்து எழுதிப் பழகிய பரம்பரையல்லவா நாம்! மணலில் எழுதிய அனாவை எவரும் குற்றஞ் சொல்வதில்லை. கையாலே தடவிவிட்டு மறுபடி எழுதச் சொல்வர்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதெல்லாம் புதிய செய்தியுமன்று. அம்மாணவர் பொருள் கேட்ட நன்னூலின் பாயிரத்திலேயே இது இருக்கின்றது. நல்லாசிரியனுக்குப் பவணந்தியார் நான்கு உவமைகளைத் தருகின்றார்: நிலம், மலை, துலாக்கோல், மலர். தன்னை அகழ்வாரையும் பொறுப்பது நிலம். எப்பக்கமும் சாயாதது துலாக்கோல். பொறுமையும் நடுநிலையும் அருகருகே வைக்கப்பட்டிருப்பதைக் காண்க. ஆசிரியராகாதவர்க்கும் நான்கு உவமைகள் உண்டு. அவற்றுள் ஒன்று மடற்பனை. கருக்கு மட்டை நிறைந்த பனையிலே ஏறிக் காய் பறிக்க இயலாது. தானாக விழுந்தாற் பொறுக்கிக்கொள்ளலாம். நம்மூரிலே பிறந்து மட்டைக் கருக்கிலே கால் கிழிபட்டவருக்கு இவ்வுவமையை விளக்கவேண்டியதில்லை. பரீட்சைக்கு முதனாள் என்னிடம் ஏற வந்த பிள்ளைக்கு நான் அன்று மடற்பனையாக நின்றேன். இச்சூத்திரத்தை எத்தனையோ ஆண்டு படிப்பித்தவன்தான் நான்!

நன்னூலாரோடு எனக்கு ஒரு பிணக்கும் உண்டு. பாடஞ் சொல்லத்தகாதவர் என்று அவர் தரும் நீண்ட பட்டியலிலே கள்வன், பிணக்கன், சினத்தன், படிறன் ஆகியோர் இருப்பது சரி. பிணியாளனையும் மந்தனையும் அதே பட்டியலிலே சேர்த்துவிட்டதை என்னால் ஏற்க முடிவதில்லை. தெரியாமற் பிழைப்பவனையும் தெரிந்தே தீங்கு செய்பவனையும் ஒரே வாயிலால் வெளியேற்றுவதுதான் மட்டுறுத்துநர் எல்லோரும் விடும் முதற்பிழை.

நம் நாட்டு இலக்கியத்திலும் வாயிலில் மறித்த கதை ஒன்றுண்டு. 1960களின் முற்பகுதியிலே, சாதாரண மக்களின் பேச்சைக் கதையிலே எழுத வந்த இளைஞரை 'இழிசனர் வழக்கு' என்று கூறிப் பண்டிதர் சிலர் மறித்தனர். மரபுப் போராட்டம் என்று அது பெயர் பெற்றது. அவ்விளைஞர் ஓய்ந்துவிடவில்லை. அவர்களுக்கு இயக்கம் இருந்தது, தோழர் இருந்தனர், பத்திரிகைப் பக்கம் இருந்தது. தனியே வந்து தனியே திரும்பும் ஒருவருக்கு இவையொன்றும் இல்லை. அவர் வாதாடுவதில்லை, வராமல் விடுகிறார்.

இனி, மறுபக்கத்தையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அம்மாணவர் விடயத்தால் மனம் நொந்த நான், அதன்பின் பொறுமையை ஒரு விரதமாகவே கொண்டேன். அக்காலத்திலே ஒருவர் சேர்ந்தார். நல்ல தமிழ், வணக்கத்தோடு தொடங்கி நன்றியோடு முடிப்பார். நடுவிலே, பெண்கள் எழுதிய கவிதைகளுக்கு மட்டும் முள்ளாக ஒரு வார்த்தை. சுட்டிக்காட்டினால் மன்னிப்புக் கேட்பார். அடுத்த கிழமை அதே முள். 'புதியவர், பழகிவிடுவார்' என்று நான் ஆறு மாதம் பொறுத்தேன். அதற்குள் நன்றாக எழுதிவந்த பெண்கள் இருவர் ஒன்றும் சொல்லாமல் விலகிவிட்டனர். அவர்களுள் ஒருவரிடம் பின்னர் காரணம் கேட்டேன். "அவர் எழுதினதுக்காக நான் போகேல்லை, சேர். நீங்கள் எல்லாரும் வாசிச்சுப்போட்டும் பேசாமல் இருந்ததாலை போனனான்" என்றார்.

பொறுமை என்று நான் எண்ணியிருந்ததன் கூலியை வேறு இருவர் செலுத்தியிருந்தனர். அந்த மனிதரின் பிழை அறியாமையால் வந்ததன்று. இருமுறை சொன்னபின்னும் அதே இடத்திலே அதே பிழை வருமாயின், அங்கே கற்பிப்பதற்கு ஒன்றுமில்லை. அவரை நீக்கினோம். காரணத்தை எழுதியே நீக்கினோம். அவர் அதனை அநீதி என்றார். எங்கள் மூவருள் அவ்வழக்கிலே அதுவரை தலையிடாத ஒருவர் எல்லாவற்றையும் மறுபடி வாசித்தார். முடிவு மாறவில்லை.

இந்த 'மறுபடி வாசிக்கும் ஒருவர்' என்ற ஏற்பாடு எங்கள் ஆசிரியை கொண்டுவந்தது. நீக்கியவரே மேன்முறையீட்டையும் கேட்பது முறையன்று என்பது அவர் வாதம். வேறும் சில மாற்றங்கள் செய்தோம். விதிகளைப் பன்னிரண்டிலிருந்து ஐந்தாகக் குறைத்து, எழுதும் பெட்டிக்கு மேலேயே வைத்தோம். ஆங்கில எழுத்துத் தமிழுக்குத் தடை என்பது நீங்கி, தமிழிலே தட்டச்சு செய்யும் வழியைக் காட்டும் குறிப்பு வந்தது. ஆயத்த வரியை விளம்பரக்காரருக்கு மட்டுமே வைத்துக்கொண்டோம். ஒருவர் முதன்முறை எழுதுகிறார் என்றால் அவர் பெயரருகே 'புதியவர்' என்று ஓர் அடையாளம் தோன்றும். கணினி நிரலாளர் வினா விடை பரிமாறும் ஸ்டக் ஓவர்ஃப்ளோ என்னும் களத்திலிருந்து எடுத்தது அது. தம் இடம் புதியவரை வரவேற்பதாக இல்லை என்று 2018இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்ட பின்னர், அவர்கள் அவ்வடையாளத்தை இட்டனர். பழைய அங்கத்தவர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தரம் தாழ்ந்துவிடும் என்றனர். அவர்களது கவலையிலும் நியாயம் உண்டு. நல்ல உரையாடலுக்காக வந்தவர்கள், நாள்தோறும் அரிச்சுவடி கேட்க விரும்பார். அதற்காக, தொடக்க வினாக்களுக்குத் தனியறை ஒன்று அமைத்தோம். வியப்பு என்னவெனில், தரம்பற்றி முறையிட்ட முதியவர் ஒருவரே இப்பொழுது அவ்வறையில் அதிகம் விடையெழுதுகின்றார்.

எல்லாம் செம்மையாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். களைப்பு வரும் நாள்களிற் பழைய கை திரும்பிவிடுகின்றது. இரவு ஒன்பது மணிக்குப் பின் எதனையும் நீக்குவதில்லை என்று எனக்கு நானே ஒரு தடை விதித்துக்கொண்டேன். காலையிலே பார்த்தால் அவற்றுட் பாதி நீக்கவேண்டியவையாகத் தோன்றுவதில்லை.

இன்று காலையிலும் ஒன்று காத்திருந்தது. மலைநாட்டிலிருந்து புதியவர் ஒருவர், 'என் முதல் வெண்பாக்கள்' என்று தலைப்பிட்டு மூன்று பாடல்களை அனுப்பியிருக்கின்றார். தளை தட்டுமிடங்கள் ஏழு. ஈற்றடி ஒன்றிலே நான்கு சீர். மூன்றாவது பாடலிலே கொழுந்துக் கூடையைப்பற்றி வரும் ஓரடி மட்டும் மிக நன்றாயிருக்கின்றது. அந்த அடியை முதலிலே சொல்லி, தளை தட்டும் இடங்களுள் இரண்டை மட்டும் சுட்டி எழுதியிருக்கின்றேன். மற்றவற்றை அவர் திரும்பி வந்தாற் பேசிக்கொள்ளலாம். அனுப்புமுன் ஆசிரியைக்குக் காட்டினேன். "'யாப்பறியாது எழுதப்புகுந்தமை' எண்டதை எடுத்துவிடுங்கோ, சேர்" என்றார். எடுத்துவிட்டேன்.